சுவிட்ச் இல்லாத கிட்டார்

அன்பு மகளுக்கு, அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். உன் கிட்டார் மட்டும் சுகமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது உன் அம்மாவின் உத்தரவு, சொல்லிவிட்டேன்.

நீ கோபித்துக்கொண்டு பெட்டியோடு போன மூன்றாம் நாள் உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் கம்பியின் அதிர்வை வாங்கிச் சத்தமாக்கும் பிக்கப் கறுப்பில் இரண்டு, நாலு குமிழ், கொத்தாக ஒயர், எறும்பு எழுத்தில் ஒரு தாள். "உங்களுக்காகத்தாங்க ஆர்டர் பண்ணினா. பாட்டரியில ஓடுற பிக்கப்பாம், போட்டா ஆம்ப்ளிஃபயர்ல நீங்க திட்டுற அந்த உம்முங்கிற இரைச்சலே வராதாம்" என்றாள் உன் அம்மா. சண்டை போட்ட அன்றைக்கு நீ, "வாசிக்கிறத நிறுத்தச் சொல்றீங்களா, இரைச்சலையாப்பா?" என்று கேட்டாய். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

சரி, கெடுத்தவனே சரிசெய்யட்டும் என்று இறங்கினேன். முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்குக் கிட்டார் எம்மாத்திரம் என்ற திமிர். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பாட்டரி வைக்க இடமே இல்லை, கீழ்வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டேன், "நகத்தளவு செதுக்கினாப் போதும் சார்" என்றார், செதுக்கினார், உளி முன்பக்கம் எட்டிப் பார்த்தது. அந்த ஓட்டையை மறைக்க ஐந்தாவதாக ஒரு குமிழ் ஒட்டியிருக்கிறோம், அதைத் திருகாதே, அது சும்மா. அப்புறம், பழைய எர்த் ஒயரை வெட்டிவிடச் சொல்கிறது தாள். எர்த்தை வெட்டு என்று எழுதியவன் நல்லாயிருப்பானா? ஒரு நாள் முழுக்கத் தள்ளிப்போட்டேன், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். எல்லாம் மாட்டி, ஆம்ப்ளிஃபயர் ஒயரைக் கிட்டாரில் சொருகி, ஒரு கம்பியைத் தட்டினால் கணீரென்று கேட்டது! ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். கிட்டாரை எங்கே அணைப்பது? புரட்டிப் புரட்டிப் பார்த்தும் சுவிட்சைக் காணோம். சுவிட்ச் இல்லாத மெஷினை நான் பார்த்ததில்லை. குமிழையெல்லாம் பூஜ்யத்துக்குத் திருகி, பத்திரமாக மூலையில் சாய்த்து வைத்தேன்.

உனக்குப் போன் செய்து கேட்கவைக்கத் துணிச்சல் வர பத்து நாள் ஆனது. போனைக் கையில் வைத்துக்கொண்டு கிட்டார்க் கம்பியைத் தட்டிப் பார்க்கிறேன், பேச்சுமூச்சில்லை. மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகச் சோதித்தேன், பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன், ஒன்றும் பலிக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த வீட்டில் சத்தம் கூடாது என்று கத்தினேன், இப்போது சத்தமே இல்லை. சாயங்காலம் பேப்பர் புரட்டும் சத்தம் எனக்கே கேட்கிறது. நன்றாக இல்லையம்மா.

ஆகவே நீ கிட்டாருக்காக வர வேண்டாம். நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன், யாராவது விஷயம் தெரிந்தவரிடம் கொடு. தச்சர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னார். அவரோடு என்னையும் சேர்த்துக்கொள்.

நோய்நொடியின்றி, நிறையச் சத்தத்தோடு நீ நன்றாயிருக்க வாழ்த்தும்,
அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடு. கவரை ஒட்டும் நேரத்தில் உன் அம்மா பூதக்கண்ணாடியோடு அந்தத் தாளைப் படித்தாள். "என்னங்க, ஒயரைச் சொருகினாலே ஆன் ஆயிடும்னு போட்டிருக்கு. குமிழைத் திருகினா அணையாதாம். பத்து நாளா சொருகியே வச்சிருந்தீங்களே!" எல்லாவற்றையும் சோதித்த நான் பாட்டரியை மட்டும் சோதிக்கவில்லை, புதுசு ஆயிற்றே என்று. அவளே என் மீட்டரைத் திறந்து, அதிலிருந்த பாட்டரியை எடுத்து உன் கிட்டாரில் போட்டாள். பாடுகிறது. இரைச்சல் துளியும் இல்லை, ஆன் ஆகியிருப்பதே தெரியவில்லை. வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டுமாம். நான் பிடுங்கவில்லை. வாரம் ஒரு பாட்டரி போனால் போகட்டும். நீ வந்து, வாசித்துவிட்டு, நீயே பிடுங்கு.