யூரியாவுக்கு ஒரு கட்டைவிரல்

"பதியலண்ணே," என்றாள் ஷீபா. சின்னமனூர் உரக்கடையில் ரேகை மெஷின் அவள் பொறுப்பு.

சம்சுதீன் கட்டைவிரலை இன்னும் பலமாக அழுத்தினார்.

"அழுத்துனா யூரியா பிதுங்கி வராதுண்ணே. விரல் பூரா வாழைக்கறை. ரேகை விழுந்தாத்தான் மானிய வெல. அதுலயும் ஆளுக்கு மாசம் இவ்வளவுதான்னு கோட்டா."

தோட்டத்தில் வாழை குலை தள்ளும் நேரம். இப்போது உரம் வைக்காவிட்டால் காய் வெண்டைக்காய் பருமனில் நின்றுவிடும். கடையிலோ கொஞ்சம் மூட்டைகள்தான் மிச்சம்.

"நாளைக்கு வந்து பாக்கட்டுமா?"

பின்னால் நின்ற வேல்பாண்டி சிரித்தார். "நாளைக்கா? கப்பல் எங்கனயோ நடுக்கடல்ல நிக்குதாம் பாய். யூரியா வெளிநாடு, பொட்டாஷ் வெளிநாடு. நம்ம நாட்டுச் சரக்குன்னா உங்க விரல்ல இருக்க கறை ஒண்ணுதான்."

சம்சுதீன் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் டீசல் வாங்கி விரலைத் துடைத்துக்கொண்டு வந்தார். விரலை வைத்ததும் மெஷின் கண்ணாடி வழவழவென்று ஆனது. அதன்பிறகு யாருடைய ரேகையும் விழவில்லை. ஷீபா அதைத் துடைத்து முடிக்கும்வரை வரிசை மொத்தமும் அவரைத் திட்டியது.

அடுத்து தச்சுப் பட்டறைக்குப் போய் உப்புத்தாளால் தேய்த்தார்.

ஷீபா விரலைத் திருப்பிப் பார்த்தாள். "கறை போயிருச்சுண்ணே. கூடவே ரேகையும் போயிருச்சு. வீட்டுல வேற ஆள் இல்லையா?"

மனைவிக்குப் போன் போட்டார். "ரஃபியா, ஆதாரையும் விரலையும் எடுத்துக்கிட்டு ஒடனே கடைக்கு வா."

"விரலை வீட்டுல வச்சுட்டா வருவேன்? கம்பத்துக் கல்யாணத்துக்குப் பத்து விரலுக்கும் மருதாணி போட்டு உக்காந்திருக்கேன். எங்கம்மா விரல் பளிச்சுன்னு இருக்கும். போய்க் கேளுங்க."

சம்சுதீன் தயங்கினார். மாமியார் சுல்தான் பீவி பெருநாளிலிருந்து அவரோடு பேசுவதில்லை. அன்று கறிக்குழம்பில் உப்பு இல்லை என்று வாய்தவறிச் சொல்லியிருந்தார்.

ஆனாலும் வாழை காத்திருக்காது. போனார்.

"மாமி, ஒரேயொரு ரேகை..."

"கொழம்புல உப்பு இருந்துச்சா இல்லையா மாப்பிள்ளை?"

"இருந்துச்சு மாமி."

"தெருவுக்குக் கேக்கலையே."

சம்சுதீன் வாசலில் நின்று கத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

சுல்தான் பீவி நல்ல சேலை மாற்றி, அத்தர் பூசி, ஆட்டோவில் ஏறினார். ஆதார் கார்டைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. இடுப்புச் சுருக்குப்பையில் தயாராக இருந்தது.

கடை வாசலில் வரிசை தானாக விலகியது. வேல்பாண்டி தன் துண்டாலேயே நாற்காலியைத் தட்டிப் போட்டார். "வாங்கம்மா, உக்காருங்க."

ஆயுசில் தோட்டத்து மண்ணை மிதிக்காத மாமியாருக்கு உரக்கடையில் இத்தனை மரியாதையா! சம்சுதீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஷீபா மட்டும் தலையில் கைவைத்தாள்.

"இவுகளையா கூட்டியாந்தீக? விரல் பதியாதவுக எல்லாரும் இவுகளத்தான் கூட்டியாறாக. இவுக கோட்டா நேத்தே தீந்துபோச்சு. அரசாங்கத்தக் கேட்டா, இந்தக் கம்பம் பள்ளத்தாக்குலயே பெரிய வெவசாயி உங்க மாமியாதாண்ணே!"