டூகல்ட் பெட்டிகுரூ என்னும் நீலப் பூ

டூகல்ட் பெட்டிகுரூ சாகாமல் இருப்பது என்று முடிவு செய்தார்.

உடலால் அல்ல. லத்தீன் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு அந்த அளவு விவரம் இல்லாமல் இல்லை. பெயரால். நீலப் பாப்பி என்ற தோட்டப் பூவின் வகைகளில் ஒன்றுக்கு ஒரு சீமாட்டியின் பெயர் இருந்தது. இன்னொன்றுக்கு ஒரு மாளிகையின் பெயர். சீமாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். மாளிகை ஓட்டலாகிவிட்டது. பெயர்கள் மட்டும் ஜூன் மாதம் வந்தால் பூத்துவிடுகின்றன.

அவர் வீட்டு வடக்குச் சுவரோரம் நின்ற நீலப் பாப்பி எந்த வகையிலும் சேராதது. இமயமலையில் பிறந்து, பெர்த்ஷயர் சீமை மழைக்கு வாழ்க்கைப்பட்டு, புகுந்த வீட்டிலேயே அதிகச் சுகம் கண்ட இனம். ஆனால் இது விதை வைக்காது. வேரைப் பிரித்து நட்டால்தான் இன்னொரு செடி. அந்த ஊரில் எல்லோரும் செடியைப் பிரித்து ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். மிஞ்சியதை சர்ச் கூடத்துச் செடிச் சந்தைக்கு அனுப்புவார்கள். டூகல்ட் மட்டும் தோட்டக் கதவுக்குப் பூட்டு வாங்கினார்.

"பக்கத்து வீட்டு ஜீனுக்கு ஒரு துண்டு குடுத்தா என்ன குறைஞ்சிடும்?" என்று மனைவி ஐல்சா கேட்டாள்.

"அருமை குறைஞ்சிடும்."

"யாரோட அருமை? செடியோடதா, உன்னோடதா?"

"இனிமே ரெண்டும் ஒண்ணுதான். அதுக்கு 'டூகல்ட் பெட்டிகுரூ'ன்னு பேர் வைக்கப் போறேன்."

"பாவம். அது வருஷத்துல ரெண்டு வாரமாவது பார்க்க நல்லா இருந்துச்சு."

பாப்பிச் சங்கத்துக்கு எழுதிப் போட்டார். வேறெங்கும் இல்லாத செடிதான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் பெயர் பதிவாகும். திருமதி ஃபார்க்கர்சன் என்ற அம்மாள், மழைக்கோட்டும் பூதக்கண்ணாடியுமாக, தூறலோடு வந்து இறங்கினார். டூகல்ட் டை கட்டிக்கொண்டு செடியின் பக்கத்தில் நின்றார். புகைப்படத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி.

அம்மாள் இலையின் மயிரைப் பார்த்தார். இதழைத் திருப்பினார். காம்பை வருடினார். பிறகு இருமினார். சிரிப்பை அடக்குகிறவர்கள் இருமுகிற இருமல் அது.

"சார், இது எங்க சோதனைப் பாத்தியிலயே இருக்கு."

"இருக்க முடியாது. உலகத்துல இது ஒண்ணுதான். சாவி என் பையில இருக்கு."

"எங்க பாத்தியில இருக்கு. எங்க செயலாளர் வீட்டுல இருக்கு. இந்த ஊர் பாதிரியார் வீட்டு வாசல்லகூட வரும்போது பார்த்தேன். எல்லாம் உங்க சர்ச் சந்தையில வாங்கினதுதான்."

டூகல்ட் மெல்லத் திரும்பினார். பின்வாசல் கூரையடியில் நின்ற ஐல்சா ஸ்கோன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதில் மிகுந்த கவனமாக இருந்தாள்.

"ஐல்சா."

"பிரிக்காம விட்டா நடுவுல அழுகிடும், டூகல்ட். நீ மத்தியானம் தூங்குறப்ப பிரிச்சேன்."

"எனக்குத் துரோகம் பண்ணிட்டே!"

"நீ அதுக்கு என்ன பண்ணினே? உரம்னு கடற்பாசியை ஊறவச்சு ஊத்தோ ஊத்துன்னு ஊத்தினே. போன குளிர்காலத்துல செத்தே போச்சு."

"செத்துப் போச்சா? அப்ப இது?"

"ஜீன்கிட்ட குடுத்திருந்தேனே, அதுல பாதியைத் திருப்பி வாங்கிட்டு வந்து நட்டேன். அன்னிக்கு நான் அவளுக்குக் குடுக்காம இருந்திருந்தா, இன்னிக்கு நீ டை கட்டிட்டு வெறும் மண்ணு பக்கத்துல நின்னிருப்பே."

டூகல்ட் டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டார். ஆசை மட்டும் அசையவில்லை. அம்மாளிடம் திரும்பினார்.

"சரி, பரவியே இருக்கட்டும். வளர்த்தவன் நான். என் பேரைப் பதிஞ்சுக்கலாமில்ல?"

"முடியாதே சார். சனங்க கையில எந்தப் பேரோட முதல்ல பரவுச்சோ, அதுதான் நிக்கும். எங்க விதி அப்படி."

"சந்தையில வித்த செடிக்கு ஏது பேர்?"

"சந்தையில பேரில்லாத செடி வாங்கினா, விக்கிறவங்க என்ன சொல்றாங்களோ அதையே சீட்டுல எழுதிச் சொருகிக்கிறது வழக்கம். உங்க வீட்டம்மா ஒவ்வொருத்தர் காதுலயும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்காங்க. எல்லாருமே அதையே எழுதி வச்சிருக்காங்க. நாங்களும் அப்படியே பதிஞ்சுட்டோம்."

"என்ன வார்த்தை?"

அம்மாள் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"'டூகல்டுக்குத் தெரியாது.'"

தூறல் வலுத்தது. ஐல்சா தேநீர்க் கோப்பையை அவர் கையில் வைத்தாள்.

"உன் பேர்ல பாதியாவது வந்துடுச்சே. ஆறுறதுக்குள்ள குடி."