மயங்கத் தெரிந்தவள்

ஊசியைப் பார்த்ததுமே சேனாதிபதி பல் கிளினிக் நாற்காலியில் மயங்கிச் சாய்ந்தார். உதவியாளர் ஆக்ஸிலியா சட்டென்று தன் கண்களை மூடிக்கொண்டாள். பழக்கதோஷம்.

கொடைக்கானலின் அந்தப் பல் கிளினிக்கில் மாதாமாதம் அவசரகால ஒத்திகை உண்டு. மயங்கும் வேடம் எப்போதும் ஆக்ஸிலியாவுக்கு. டாக்டர் ரோகிணி வெளியறைக்கு ஓடி ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவார். ஆக்ஸிஜன் கொண்டுவருவது இன்னொரு உதவியாளன் பிரசாந்தின் வேலை. அவன் இன்று மொட்டை போடப் பழனிக்கு பஸ் ஏறியிருந்தான்.

"ஆக்ஸிலியா, ஆக்ஸிஜன் எடு!" டாக்டர் வழக்கம்போல் வெளியறைக்கு ஓடினார்.

எங்கே இருக்கிறது? பன்னிரண்டு ஒத்திகையிலும் அவள் கண் திறந்ததே இல்லை. மூடிய இமைக்குள் ஏரியில் படகு விட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏம்மா, இந்த மனுசன் கண்ணு சொருகிக் கெடக்காரு, நீ நின்னு சாமி கும்பிடுறியா?" பூம்பாறையிலிருந்து சேனாதிபதியோடு வந்திருந்த மனைவி இருளாயி கத்தினாள்.

"இருங்கம்மா, யோசிக்கிறேன்."

காதுக்கு ஞாபகம் இருந்தது. மூன்று எட்டு வைக்கும் சத்தம், கிரீச்சென்று ஓர் அலமாரிக் கதவு, பிறகு 'உஸ்ஸ்' என்று காற்று. கண்ணை இறுக்க மூடி நடந்தாள். இரண்டாம் எட்டில் இடுக்கித் தட்டு கவிழ்ந்தது. மூன்றாவதில் நாற்காலித் தலைமாட்டு அலமாரியின் கதவு கிரீச்சிட்டு, பல் அச்செடுக்கும் வெள்ளை மாவு சேனாதிபதியின் முகமெல்லாம் கொட்டியது.

"அடிப்பாவி, உசுரு இருக்கையிலயே விபூதி பூசிட்டாளே!"

டாக்டர் எட்டிப் பார்த்தார். கண்மூடி, கைநீட்டி, மாவு படிந்து வெளுத்து நின்றாள் ஆக்ஸிலியா.

"நீயுமா?" மறுபடி போனுக்கு ஓடினார். "ஹலோ, ஒருத்தர் இல்லங்க, ரெண்டு பேரு!"

இருளாயிக்குப் பொறுக்கவில்லை. கணவரின் கால்கள் இரண்டையும் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "பேருதான் சேனாதிபதி. ஊசியைக் கண்டா இதே சோலி."

சற்று நேரத்தில் அவர் கண் திறந்தார். "பல்லு எடுத்தாச்சுங்களா?"

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஆக்ஸிலியாவுக்கும் சேர்த்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வெறும் மயக்கமாகப் போயிற்று. வேறேதாவதாக இருந்திருந்தால்? "எவ்வளவு அழகா மயங்குற!" என்று டாக்டர் சொன்னதை வீட்டில் போய்ப் பெருமையடித்தவள் அவள். ஒரே ஒரு தடவை, ஒரு கண்ணை மட்டுமாவது ஓரமாகத் திறந்து பார்த்திருக்கலாம்.

பிரசாந்துக்குப் போன் போட்டாள். மலைப்பாதை வளைவில் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது.

"தப்பெல்லாம் என் மேலதான் பிரசாந்த். எல்லா அலமாரியும் திறந்து பார்த்துட்டேன். அந்த சிலிண்டரை எங்கதான் வச்சிருக்க?"

பிரசாந்த் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா... அந்த 'உஸ்ஸ்' நான் வாயால போடுற சத்தம்க்கா."