முறுக்கு கொடுத்து இயர்போன் விற்றவர்

போடி முழுவதிலும், அடுத்தவர் காதுக்காகத் தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்ட ஒரே மனிதர் காதண்ணன்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் போர்டில் இருக்கிறது, யாரும் படித்ததில்லை.

உயர்ந்த ரக இயர்போன் கேட்டால் முதலில் ஸ்டூலில் உட்காரவைத்து, டார்ச் அடித்து இரண்டு காதையும் பார்ப்பார். காதுக்குள் போகும் ரப்பரை மூன்று அளவிலும் மாற்றி மாற்றிப் பொருத்துவார். பிறகு ஒரு முறுக்கை நீட்டி, "மெல்லுங்க" என்பார். தாடை அசைந்து இயர்போன் நழுவினால் அந்த ரப்பர் ஆகாது என்று ஒதுக்கிவிடுவார். போடிமெட்டு எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவரைக் கடைக்குள்ளேயே குதிக்கவைத்தார். "ஜீப்பு குலுக்குற குலுக்குக்கு நிக்கணும்ல அண்ணே!"

மனைவிக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க வந்தவரைத் திருப்பியே அனுப்பிவிட்டார்.

"ஒங்க காத வச்சு அவுக காதுக்கு எப்படி வாங்குவீக? கூட்டிட்டு வாங்க."

"அவளுக்குத் தெரியாம குடுக்கணும்ணே."

"அப்ப சேல எடுங்க."

நல்ல சாமான் என்றால் போட்டிருக்கும் நினைப்பே வரக் கூடாது என்பது அவர் கட்சி.

நான் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். நாள் முழுக்க மீட்டிங். ஒருநாள் காலையில் இடப்பக்கம் சத்தம் அமுங்கிக் கேட்டது. இயர்போன் போய்விட்டது என்று காதண்ணனிடம் ஓடினேன்.

"இருக்கதுலயே ஒசந்தது ஒண்ணு குடுங்கண்ணே. வெரசா."

அவர் என் பழைய இயர்போனை வாங்கி, எனக்கே இடதை வலக்காதிலும் வலதை இடக்காதிலும் மாட்டினார். அப்போதும் இடக்காதில்தான் அமுங்கியது. முதுகுக்குப் பின்னால் நின்று, டப்பாவில் காய்ந்த ஏலக்காயைக் குலுக்கினார். வலக்காதுக்கு மட்டும் கேட்டது.

"தம்பி, கோளாறு இதுல இல்ல. ஒங்க காதுல."

"சளியா இருக்கும்ணே. மீட்டிங் இருக்கு, குடுங்க."

"தர மாட்டேன்."

ஷட்டரை இறக்கிவிட்டு, தன் பைக்கிலேயே என்னைத் தேனிக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். காத்திருந்த நேரத்தில் பயத்தில் எனக்கு வியர்த்தது. அவரோ எதிரே இருந்தவர்களை நோட்டம்விட்டு, "அந்தம்மாவுக்குச் சின்ன ரப்பர்தான் சேரும்" என்று கிசுகிசுத்தார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, "காது நரம்பு திடீர்னு பாதிச்சிருக்கு. ஒடனே வந்தது நல்லதாப் போச்சு. நாளக் கடத்தியிருந்தா கஷ்டம்" என்றார். பக்கத்தில் காதண்ணன் மாத்திரைச் சீட்டை இரண்டு முறை படித்தார்.

அதன்பின் தினமும் சாயங்காலம் போன் செய்வார்.

"எந்தக் காதுல வச்சிருக்கீக?"

"வலதுண்ணே."

"மாத்துங்க."

மாற்றினால் வெறும் முணுமுணுப்புதான் கேட்கும். மூன்றாவது வாரம் ஒருநாள் மாற்றியதும், "கேக்குதா தம்பி?" என்று தெளிவாக வந்தது.

"கேக்குதுண்ணே!"

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. போனை வலக்காதுக்கு மாற்ற எனக்கு மனம் வரவில்லை.