றோஸ்ரியை அரைத்த மவுஸ்

"எனக்குத் தெரியாது" என்று ஓரிடத்திலும் சொல்ல வராது எனக்கு. பிறவிக் குணம். (பிறந்த உடனேயே தொப்புள்கொடி எப்பிடி வெட்டுறது எண்டு நேர்சுக்கு வகுப்பெடுத்தவள் எண்டு அப்பா சொல்லுவார்.) அந்தக் குணம் என்னைப் பல இடங்களில் காப்பாற்றியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் குப்புற விழுத்தியது.

சுவிஸில், ஓல்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதே இல்லத்தின் குசினியில் அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷச் சமையல் வேலை. "என்ரை மகள் வலு கெட்டிக்காரி" என்று அவர் போய்க் கதைத்ததால் கிடைத்த இடம். மூன்று மாதப் புறோபசைற், அதாவது நான் சரிப்பட்டு வருவேனா என்று பார்க்கிற காலம், அன்றோடு முடிகிறது. இரண்டு மணிக்குப் பொறுப்பாளர் ஃபிராவ் கேர்பரிடம் போக வேண்டும். வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போவதா என்பது அங்கேதான் முடிவாகும்.

மேல்மாடி அலுவலக அறையில் இரண்டு கொம்பியூட்டர். ஒன்று பராமரிப்புக் குறிப்பு எழுத, மற்றது குசினிக்குச் சாப்பாடு சொல்ல. ஆனால் திரை, கீபோர்ட், மவுஸ் எல்லாம் ஒவ்வொன்றுதான். நடுவில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு சுவிட்ச் பெட்டி. பொத்தானை அமத்தினால் மூன்றும் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்.

அன்று காலை சாப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு, குறிப்பு எழுத மாறினேன். திரை மாறியது. மவுஸின் அம்பு அசையவில்லை. பக்கத்தில் நின்ற ஃபிராவ் கேர்பர், ஐ.டி.க்காரரைக் கூப்பிடுவோம் என்று போனை எடுத்தார். விடுவேனா? தேவையில்லை, எனக்கு இது நல்லாத் தெரியும் என்றேன். (ஒரு மண்ணும் தெரியாது.)

மவுஸை உதறினேன். கவிழ்த்து ஊதினேன். மேசை முழுக்கத் தேய்த்தபடி சரமாரியாகக் கிளிக் பண்ணினேன். அது காணாதென்று என்டரையும் நாலைந்து தரம் குத்தினேன். கடைசியில் பெட்டியின் கரண்ட் வயரைக் கழற்றித் திருப்பிச் செருக, அம்பு ஓடியது. பிரச்சினை சுவிட்சில்தான் என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். ஃபிராவ் கேர்பர் மெச்சித் தலையாட்டினார். இனி இரண்டு மணிக்குக் கதைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

நான் சொன்னது உண்மைதான். சுவிட்ச் திரையை மட்டும் மாற்றிவிட்டு, மவுஸையும் கீபோர்டையும் பழைய கொம்பியூட்டரிலேயே விட்டிருக்கிறது. என் கிளிக் எல்லாம் சாப்பாட்டுப் பக்கத்துப் பொத்தான்களில் போய் விழுந்திருக்கிறது. எல்லோருக்கும். அரைத்த உணவு. அனுப்பு.

அன்று சொசேஜும் றோஸ்ரியும். உருளைக்கிழங்கைச் சீவி, மொறுமொறுவென்று பொரித்தால்தான் அது றோஸ்ரி. அதை அரைத்துச் சுவிஸ்காரருக்கு முன்னால் வைப்பது, யாழ்ப்பாணத்தாருக்குத் தோசையைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பது மாதிரி. மத்தியானம் ஐம்பத்திரண்டு பேருக்கு முன்னாலும் மண்ணிறத்தில் ஒரு குவியல், மஞ்சளில் ஒரு குவியல். பல்லெல்லாம் சொந்தமாக வைத்திருந்த முன்னாள் ரயில் சாரதி ஒருவர் என் கையைப் பிடித்து, தனக்கு ஏதும் பெரிய நோய் வருத்தமோ, மறைக்காமல் சொல்லச் சொன்னார்.

குசினிக்கு ஓடினேன். அங்கே நடந்தது இதுதான். ஓடர் பேப்பரைப் பார்த்த தலைமைச் சமையல்காரர், மேலே கேட்டுப் பார்ப்போம் என்றிருக்கிறார். பேப்பரின் அடியில் என் பெயரின் முதலெழுத்துகள். அம்மா மறித்துவிட்டார். தன் மகள் அனுப்பியது, அவள் பிழை விடமாட்டாள் என்று உறுதி சொல்லிவிட்டு, இரண்டு மணித்தியாலம் நின்று அத்தனையையும் அரைத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியெல்லாம் றோஸ்ரி.

எனக்குப் பின்னாலேயே ஃபிராவ் கேர்பரும் வந்து, இது யார் வேலை என்றார். சமையல்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பேப்பரை மடித்து ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் நிதானமாகச் சொன்னார்: "நான்தான் பிழையா வாசிச்சிட்டன்."

பன்னிரண்டு வருஷம் ஒரு பிழையும் விடாத மனுசி. "அவ இல்லை, நான்," என்றேன். "மவுஸ் ஏன் நிண்டது எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சனான்."

இரண்டு மணிக்குப் புறோபசைற்றை இன்னொரு மாதம் நீட்டினார்கள். நீயாகச் சொன்னபடியால் ஒரு மாதம், சொல்லாவிட்டால் நாளைக்கு வர வேண்டியிருக்காது என்றார் ஃபிராவ் கேர்பர்.

இன்று அந்த மாடிக்கு நான்தான் பொறுப்பு. ஆனாலும் வீட்டில் மரியாதை கிடையாது. முதல்முதல் விருந்துக்கு வந்த என் மாமியாரிடம் அப்பா, "முழுசாத் தரவோ, அரைச்சுத் தரவோ?" என்று கேட்டவர். வேலையிடத்தில் இன்னும் மோசம். என் பெயரில் ஒரு யோகட்டுக்கு ஓடர் போனாலும் உடனே கீழேயிருந்து போன் வரும். அம்மாதான். உண்மையா நீதான் அனுப்பினனீயோ என்று கேட்டு உறுதிப்படுத்துவார்.

ஒருநாள் கோபம் வந்து, பெற்ற மகளை நம்பமாட்டீங்களோ என்று கேட்டேன்.

"ஒருக்கா நம்பினனான் பிள்ளை," என்றார் அம்மா. "ரண்டு மணித்தியாலம் நிண்டு அரைச்சனான். எனக்கு அது காணும்."