சம்பந்தியின் விமானத்துக்கு நான் இழுத்த கேபிள்

அன்பும் மரியாதையும் குறையாத மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, விடுமுறைக்கு வந்திருக்கும் பேத்தி, அடுத்த தெருவில் உங்கள் அப்பா, எல்லோரும் சௌக்கியம். இப்படி ஒருவர் விடாமல் சேர்த்து எழுத முடிந்ததே பெரிய விஷயம் என்பது போகப் போக உங்களுக்குப் புரியும். நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை அவளுக்கு மட்டும் படித்துக் காட்ட வேண்டாம்.

நடந்ததை உங்கள் அப்பா போனில் ஒரு மாதிரி சொல்லியிருப்பார். "கேபிள் விஷயத்துல சம்பந்தி கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு" என்று நிறுத்தியிருப்பார். அவர் பெருந்தன்மை அப்படி. முழு விவரம் என்னிடம்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் கட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு இருக்கை விமானம் ஒருவழியாகப் பறக்கத் தயாராகி, முன்பலகையில் ரேடியோவும் முதுகில் ஆன்டெனாவும் வைத்தாகி, இரண்டையும் இணைக்கும் கேபிள் மட்டும் பாக்கி என்று காதில் விழுந்ததும் நான் சும்மா இருப்பேனா? இந்த ஊரில் பாதி மொட்டைமாடியில் டிவி ஆன்டெனா நட்டவன் நான். அவர் கூப்பிடவில்லை என்பது உண்மைதான். கூப்பிடச் சங்கடப்படுகிறார் என்று நினைத்து நானே போனேன்.

போனால், அவர் முன்னமே கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிளை வாங்கி வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். "தடியா இருந்தா சிக்னல் வீணாகாது, சம்பந்தி." சிக்னல் வீணாகாதுதான், ஆனால் அது வளையவும் வளையாதே. இருவரும் சேர்ந்து அதை இருக்கைக்கு அடியில் மடக்கித் திணித்து ஒரு முனையை ரேடியோவில் மாட்டிவிட்டு மூச்சு வாங்கினோம். அடியிலிருந்த கேபிள் தன் பாட்டுக்கு நிமிர்ந்தது, ரேடியோ பலகையை விட்டு எழுந்து வெளியே வந்து எங்களைப் பார்த்தது.

நீங்கள் அந்தச் சமயம் வீட்டுக்குப் போன் செய்து, எந்தக் கேபிள் வாங்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னீர்களாம். எடுத்தது உங்கள் அத்தை. கேபிளின் மின் அளவு ஐம்பது ஓம் வேண்டும், எழுபத்தைந்து கூடாது, உள்ளே சுற்றிய கம்பி வலை இரட்டைப் பின்னலாக இருப்பது கட்டாயம், சூடு பட்டாலும் உருகக் கூடாது என்றீர்களாம். அவள் என்னிடம் வந்து, "மாப்பிள்ளைக்கு உங்க கோவத்தப் பத்திக் கவலையா இருக்கு. தினமும் கண்ண மூடி அம்பது தடவ ஓம் சொல்லணுமாம், அதுக்கு மேல ஆகாதாம். எவ்ளோ சூடு ஏறினாலும் உருகக் கூடாதாம். கொழந்தைக்கு ரெட்டப் பின்னல் போடச் சொன்னாரு" என்றாள். மாப்பிள்ளை சொன்னால் தட்டலாமா? காலையில் நான் ஐம்பது ஓம் சொன்னேன், பேத்தி இரட்டைப் பின்னலோடு வலம் வந்தாள். விமானத்துக்கு மட்டும் என் பரணில் கிடந்த டிவி கேபிள் போனது. எழுபத்தைந்து ஓம், ஒற்றைப் பின்னல். அந்தப் பின்னலும் அலுமினியம், ஈயம் வைத்தால் ஒட்டவில்லை. முறுக்கி டேப் சுற்றினேன். மொட்டைமாடியில் அப்படித்தான் செய்வேன், யாரும் குறை சொன்னதில்லை.

தரையில் நின்று பேசிப் பார்த்தபோது எதிரே விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து "நல்லா கேக்குது" என்றார்கள். உடனே நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கேபிள் இழுத்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? மேலே போனதும் நெல்லுமணி மாதிரி வீடுகள், நூல் மாதிரி ரோடு, ஆனந்தம். திரும்பி வரும்போது உங்கள் அப்பா பட்டனை அமுக்கிக் கோபுரத்தைக் கூப்பிட்டார். பதில் இல்லை. ஆனால் எனக்கு எதிரே ஓர் அதிசயம்.

"சம்பந்தி, நீங்க பேசினா பெட்ரோல் ஏறுது!"

"என்ன உளர்றீங்க?"

"முள்ளப் பாருங்க. பட்டன அமுக்கினா ஃபுல்லு, விட்டா பாதி. இப்படியே பேசிக்கிட்டே போனா எந்த ஊருக்கும் போயிடலாம் போலிருக்கே!"

அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதோ தெரியவில்லை. அதிர்வில் டேப் தளர்ந்து, ஆன்டெனாவுக்குப் போக வேண்டியதெல்லாம் வழியிலேயே கசிந்து மற்ற மீட்டர்களுக்குள் புகுந்துகொண்டிருக்கிறது என்றார். எனக்கு அது பெட்ரோலாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் அவரைத் தேற்ற வேண்டுமே? "பயப்படாதீங்க சம்பந்தி, இறங்கினதும் மொத வேல இதான். சரி பண்ணாம உங்கள வீட்டுக்கு விடமாட்டேன்" என்றேன். அவர் விரல் பட்டனிலேயே இருந்திருக்கிறது. நான் சொன்னதில் கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தவை மூன்றே சொற்கள்: சம்பந்தி, இறங்க, விடமாட்டேன்.

கோபுரத்திலிருந்து பச்சை விளக்கு அடித்தார்கள். இறங்கலாம் என்று அர்த்தமாம். உங்கள் அப்பா அலுங்காமல் குலுங்காமல் இறக்கினார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். சக்கரம் நிற்பதற்குள் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், அவற்றுக்குப் பின்னால் போலீஸ். போலீஸ் அதிகாரி கதவைத் திறந்து என்னைத்தான் முதலில் இறங்கச் சொன்னார். பிறகு உங்கள் அப்பாவிடம் கேட்டார்.

"இவரு உங்கள இறங்க விடலையா?"

"ஐயோ, இல்லீங்க. இவரு என் சம்பந்தி" என்றார் உங்கள் அப்பா.

"அதனாலதான் கேக்கறோம்."

விளக்கம் சொல்லி முடித்து எல்லோரும் கலைந்த பிறகு, இறக்கைக்கு அடியில் நிழலில் உட்கார்ந்தோம். உங்கள் அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார், மூடி அசையவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "மொத சவாரி கொழந்தைக்குன்னு சொல்லி வெச்சிருந்தேன், சம்பந்தி. நீங்க முந்திக்கிட்டு ஏறிட்டீங்கன்னு மனசுக்குள்ள ஒங்கள திட்டிக்கிட்டேதான் கெளம்பினேன். நல்லவேளை, கொழந்தை இதுல ஏறல." நான் எழுந்து போய் விமானத்துக்குள் தலையை விட்டு, அந்தக் கேபிளை ஒரு துண்டு மிச்சமில்லாமல் உருவி எடுத்தேன். ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக உருகி ஊற்றியது, புகை கண்ணைக் கரித்தது. அந்தச் சின்ன கூண்டுக்குள் அப்படிப் புகைந்தால் எங்கே ஓடுவது? அதைத்தான் உருகக் கூடாது என்று சொன்னீர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே முடிவு செய்துவிட்டோம். நீங்கள் நேரில் வந்து, சரியான கேபிளை உங்கள் கையால் இழுத்துச் சோதித்துச் சொல்லும்வரை அந்த விமானம் கொட்டகையை விட்டு நகராது. நானும் உங்கள் அப்பாவும் தரையை விட்டு நகரமாட்டோம். கேபிள் என்ற சொல்லை இனி நான் உச்சரிப்பதாகவும் இல்லை. லீவு கிடைத்ததும் வாருங்கள், அவசரமில்லை.

உங்கள் இருவருக்கும் எங்கள் மனம் நிறைந்த ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், நேரத்துக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
என்றும் தரையில் இருக்கும்
மாமனார்

பின்குறிப்பு: எழுதிய கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு அனுப்ப மறந்துபோனேன். அதற்குள் உங்கள் அப்பா விமான நிலையத்து ரேடியோ டெக்னீஷியனம்மாவை அழைத்து வந்து, நீங்கள் சொன்ன அதே கேபிளைப் போட்டு, சோதித்து, தனியாக ஒரு சுற்றும் போய் வந்துவிட்டார். கோபுரத்தில் மணி அடித்தாற்போல் கேட்கிறதாம், பெட்ரோல் முள்ளும் அசையவில்லையாம். நாளைக் காலை அவரும் பேத்தியும் அதிலேயே உங்கள் ஊருக்குப் பறந்து வருகிறார்கள். "ரேடியோவுல பேச ஒரு ஆள் வேணுமே, சம்பந்தி" என்று கேட்டுப் பார்த்தேன். "அதுக்குத்தான் கொழந்தை இருக்கே. வாயத் தொறந்தா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்" என்றார். ஆகவே நானும் உங்கள் அத்தையும் பஸ்ஸில் வருகிறோம். இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவருகிறேன். நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று உங்கள் அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆனாலும் தபால்தலை ஒட்டிவிட்டேனே.