ஒரே சக்கையைப் பல தடவை விற்றவர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்து கோணும். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதும் சில சமயம் மாறிப்போகும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம், அதனால்தான் காகிதத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

மட்டாஞ்சேரியில் லேலம் அண்ணாச்சி விற்காத பொருள் கிடையாது. அதில் ஒன்றுகூட அவருடையது கிடையாது. மலையாளத்தில் ஏலத்துக்கு லேலம் என்று பெயர். கப்பலில் நனைந்துபோன அரிசி, திவாலான கடையின் நாற்காலி, மூட்டை மூட்டையாக மிளகு, எதுவானாலும் அதன் முன்னால் நின்று "ஒருதரம், ரெண்டுதரம்" என்று கூவுவது அவர் தொழில். அவர் பஜார் ரோட்டில் கூவினால் காயலுக்கு அக்கரையில் வைப்பின் தீவில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்பார்கள். வைப்பின்காரர்கள் இதை மறுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

தொழிலை வாசலோடு விட்டுவிட்டு வரவும் அவருக்குத் தெரியாது. எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரே குழாய். அங்கே முந்தி பிந்தி என்று சண்டை வந்தால் நடுவில் வந்து நிற்பார். "செண்பகத்தோட குடம் ஒருதரம். யாராச்சும் கூடக் கேக்கியளா?" சண்டைக்காரிகள் சிரித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் குடத்தை இழுத்துக்கொள்வார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபோது, கூட்டத்துக்குள்ளிருந்து "ரெண்டுதரம், மாப்பிளே" என்று ஒரு சத்தம். பயந்துபோன அந்தப் பையன், நாத்தனார் போட வேண்டிய முடிச்சையும் சேர்த்துத் தானே போட்டுவிட்டான்.

அவர் பெண்டாட்டி கோமதியக்கா குழாயடியில் வந்து புலம்புவாள்.

"கடைசி மீன் துண்டைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, நடுத்துண்டு, முள்ளு கம்மி, யாருக்கு வேணும்ங்காரு. வீட்டில இருக்கறதே நானும் அவரும்தான்."

"அப்ப நீங்க கேக்க வேண்டியதுதானே, அக்கா?"

"கேட்டேனே. விலையை ஏத்திவிட்டுட்டு அவரே தின்னுட்டாரு."

நயா பைசா வந்த புதிது அது. எங்கள் லைனில் கடைசி வீட்டில் மாரியப்பன் இருந்தான். பாண்டிகசாலையில், அதாவது சரக்கு வைக்கிற கிட்டங்கியில், மூட்டை தூக்குகிறவன். அவன் பெண்டாட்டி பேச்சிக்கு முதல் பிரசவம், ஆண் பிள்ளை. கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு குடித்த பாலெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. எல்லாப் பிள்ளைகளும் கக்குவதுபோல் இல்லை, பீச்சிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, இரைப்பையின் வாய் தடித்து அடைத்திருக்கிறது, கத்தி வைத்தால் பிழைக்கும், இத்தனை சின்னப் பிள்ளைக்கு அதைச் செய்கிற ஆள் இங்கே இல்லை, தாமதிக்காமல் மதராஸுக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டார். பிள்ளைக்குக் கிழவன் முகம் வந்துவிட்டது. அழுதால் சத்தம் வரவில்லை.

சாயாக்கடைக்காரர் காசு போட ஒரு டப்பா வைக்கிறேன் என்றார். மாரியப்பன் முறைத்தான்.

"என் பிள்ளை பேரைச் சொல்லி எவனாவது டப்பா குலுக்கினா, டப்பாவையும் அவனையும் சேர்த்துக் காயல்ல போடுவேன்."

அண்ணாச்சி அவன் வீட்டு நடையில் போய் உட்கார்ந்தார். "பிச்சை வேண்டாம்ங்க. சரிதான்டே. வியாபாரம் பண்ணுவியா? விக்கறதுக்கு என்ன வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல, அண்ணாச்சி."

"மூலையில அது என்ன?"

"சக்கை."

பலாப்பழத்தை நாங்கள் சக்கை என்றுதான் சொல்லுவோம். பேச்சியின் அப்பா பிள்ளை பார்க்க வந்தபோது வைப்பினிலிருந்து போட்டில் கொண்டுவந்தது. பிள்ளை பெற்றவள் சக்கை தின்னக்கூடாது. அவள் தின்னாததை மாரியப்பனும் தொடவில்லை.

"சக்கைன்னு நீ சொல்லுத," என்றார் அண்ணாச்சி. "நான் எப்படிச் சொல்லுதேன்னு நாளைக்கு வந்து கேளு."

எங்கள் பக்கத்தில் கோயிலோ சர்ச்சோ, விசேஷம் என்றால் ஒரு வாழைக்குலையையோ கோழியையோ ஏலம் விடுவார்கள். எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, பொருளை மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். ஒரே கோழி சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் விலைபோகும். அண்ணாச்சி அந்த வழக்கத்தைச் சக்கைக்குக் கொண்டுவந்தார். சாயாக்கடை வாசலில் பெஞ்சின்மேல் அதை உட்காரவைத்துக் கூவினார். மூட்டைக்காரர்கள் எடுத்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். கைவண்டிக்காரர் ஒருவர் முன்னால் எடுத்ததை மறந்து இன்னொரு தடவையும் எடுத்தார். மீன்காரி ஒருத்தி மட்டும் காசைக் கொடுத்துவிட்டுச் சக்கையைக் கூடையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். "சேச்சி, சக்க இவிடே வெச்சிட்டுப் போ" என்று தெருவே பின்னால் ஓடியது.

ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லாம் எங்களைப்போல் கூலிக்காரர்கள். அண்ணாச்சி மடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வண்டிக்குக் காணும், கத்திக்குக் காணாது" என்றார்.

மறுநாள் பாண்டிகசாலையில் மிளகு ஏலம். நான் அங்கேதான் மிளகு புடைக்கிற வேலையில் இருந்தேன். பெரிய முதலாளிகள் இரண்டு பேர் வந்து எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் மிளகு முதலாளி, ஒருவர் சுக்கு முதலாளி. ஒரு மதில் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. அங்கே ஒரு முறை உண்டு. கௌரவப்பட்ட முதலாளிகள் வாயைத் திறந்து விலை கேட்கமாட்டார்கள். மூக்கைத் தொட்டால் பத்து ரூபாய் ஏற்றியதாக அர்த்தம். தொட்டுவிட்டு இல்லை என்றால் மறுநாளிலிருந்து பஜாரில் அவருக்கு மரியாதை கிடையாது.

அண்ணாச்சி மிளகு மூட்டைக்கு முன்னால் சக்கையைக் கொண்டுவந்து வைத்தார். நேற்றைய வெயிலில் அது நன்றாகப் பழுத்திருந்தது. பாசமாகத் தடவிக் கொடுப்பதுபோல் பெருவிரலால் ஓர் அழுத்து. வெடித்துவிட்டது. தானாக வெடித்தது என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார். வாசனை கிளம்பியது. மீன் மார்க்கெட்டில் இருந்த ஈயெல்லாம் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தது.

"எடோ, இதெந்தா? மிளகு எவிடே?" என்றார் மிளகு முதலாளி.

"பின்னால வருது, முதலாளி. ஐஸ்வரியமா ஒரு பழம் முதல்ல போகட்டும். வைப்பின் வருக்கை, தேன் தோத்துது. யாரு கேக்கியோ?"

யாரும் கேட்கவில்லை. ஓர் ஈ போய் மிளகு முதலாளியின் மூக்கில் உட்கார்ந்தது. அவர் தட்டிவிட்டார்.

"மிளகு முதலாளி பத்து."

"ஞான் கேட்டில்லடோ. ஈச்சயை ஓட்டினதாக்கும்."

"ஈ உக்காந்தா ஈ, கை உக்காந்தா லேலம். ரெண்டும் ஒரே மூக்குல நடந்தா நான் என்ன செய்ய, முதலாளி?"

சுக்கு முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிராளி மாட்டிக்கொண்டதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்ததில் கண்ணீர் வந்தது. கண்ணைத் துடைத்த கை கீழே இறங்கும்போது மூக்கில் பட்டது.

"சுக்கு முதலாளி இருபது."

பிறகு ஒரே ஈ மயம். ஆளாளுக்குக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கி, உதட்டைக் குவித்து ஊதினார்கள். புடைக்கிற பெண்கள் நாங்கள் முறத்தால் வாயை மூடிக்கொண்டோம். அப்போது பார்த்து என் மூக்கிலும் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. என் கூலி எவ்வளவு, பத்து ரூபாய் எவ்வளவு. மூச்சை அடக்கிக்கொண்டு பொம்மையாக இருந்தேன். அது என் மூக்கில் சாவகாசமாகக் கையைக் காலைத் தேய்த்துக்கொண்டது.

கடைசியில் சுக்கு முதலாளி தலையில் சக்கை விழுந்தது. அவர் பணத்தை எறிந்துவிட்டு, "இந்தக் குரிசை எடுத்துட்டுப் போடோ" என்றார். சிலுவையை அங்கே குரிசு என்பார்கள். அண்ணாச்சி மறுபடி ஏலத்துக்கு வைத்தார். அப்போதுதான் மிளகு முதலாளி சந்தேகப்பட்டு, "பைசா ஆர்க்கா?", யாருக்குப் போகிறது என்று கேட்டார்.

மாரியப்பன் முதுகில் மூட்டையோடு உள்ளே வந்துகொண்டிருந்தான். அண்ணாச்சி அவனைக் காட்டினார். "சரக்கு அவனோடது. ஒரு மாசத்துப் பிள்ளை, பால் இறங்கல. மதராஸ்ல கத்தி வைக்கணும்."

மிளகு முதலாளி கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மெதுவாகத் தூக்கி மூக்கைத் தொட்டார். விட்டு, மறுபடி தொட்டார். மறுபடியும் தொட்டார். அவர் மூக்கில் அப்போது ஈ இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதிரே சுக்கு முதலாளி, விட்டுக்கொடுக்கக்கூடாதே என்று இரண்டு கையாலும் தொட ஆரம்பித்தார்.

மத்தியானம் அண்ணாச்சி பணத்தை மாரியப்பன் கையில் வைத்து, "இந்தா, சக்கை வித்த முதல். கமிஷனா ரெண்டு சுளை எடுத்துக்கிட்டேன், குறைஞ்சுதேன்னு கேக்காதே" என்றார். அவன் வாங்கிக்கொண்டான். அன்றைக்கே ஹார்பர் ஸ்டேஷனில் வண்டி ஏறினார்கள்.

திரும்பி வந்தபோது பிள்ளையின் வயிற்றில் சின்னதாக ஒரு தையல் இருந்தது. பேச்சி உட்கார்ந்து பால் கொடுத்தாள். நாங்கள் பெண்கள் சுற்றி நின்று, கக்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே ஜன்னலுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி நின்றுகொண்டு கேட்டார்.

"நின்னுச்சா?"

"இருங்க, அண்ணாச்சி. இப்பத்தானே குடிச்சான்."

"இப்ப?"

"நிக்குது."

"இன்னும் நிக்குதா?"

பிள்ளை ஏப்பம் விட்டுவிட்டுத் தூங்கிப்போனான். சொன்னோம். எட்டிப் பார்த்தால் அவர் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நாலைந்து குடங்கள் வரிசையில் காத்திருந்தும் யாரும் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

மட்டாஞ்சேரியில் பழைய ஆட்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். கடைசி ஏலம் எடுத்தது மிளகா சுக்கா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அது தப்பாக இருந்தாலும் போகட்டும், அண்ணாச்சியின் நிஜப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். விளக்கு வைக்கும்போது 'லேலம் அண்ணாச்சி நன்றாக இருக்கட்டும்' என்றுதான் இத்தனை வருஷமாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த அண்ணாச்சி என்று சாமிக்குத் தெரிய வேண்டும் இல்லையா.